பங்கா இழுத்தவரின் பெயர்

ஈ.எம். ஃபார்ஸ்டர் 1924-ல் வெளியிட்ட 'எ பேசேஜ் டு இந்தியா' நாவலில் ஒரு நீதிமன்றக் காட்சி உண்டு. குகைக்குள் தன்னிடம் தவறாக நடக்க முயன்றதாக அடேலா என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் அஜீஸ் மீது புகார் கொடுத்திருக்கிறாள். ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. கோர்ட்டுக்குள் நுழையும் அடேலாவின் கண்ணில் முதலில் படுவது மாஜிஸ்ட்ரேட்டோ வக்கீல்களோ அல்ல. சின்ன மேடை ஒன்றில் உட்கார்ந்து பங்காவின், அதாவது கூரையில் தொங்கும் பெரிய விசிறியின், கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு ஏழைத் தொழிலாளி. இடுப்பில் துணியைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் சிலை மாதிரி உடம்பு. வழக்கு என்ன, யார் மேல், எதற்கு இத்தனை கூட்டம், அவருக்கு எதுவும் தெரியாது. கடைசியில் வழக்கு உடைந்து, நாற்காலிகள் கவிழ்ந்து, எல்லோரும் வெளியேறிய பிறகும் காலி அறையில் அவர் இழுத்துக்கொண்டே இருக்கிறார்.

நாவலைப் படித்து முடித்தபோது என் மனதில் அஜீஸை விட, அவருடைய ஆங்கில நண்பர் ஃபீல்டிங்கை விட, அந்த மனிதர்தான் தங்கினார். அதற்குப் பிறகு ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தைப் பற்றி எந்தக் கதையைப் படித்தாலும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் பங்கா இழுப்பவரைத் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவருக்குப் பெயர் இருக்கிறதா? அவருக்குக் கூலி யார் கையால் வருகிறது? அந்தக் கை எவ்வளவு பிடித்துக்கொண்டு கொடுக்கிறது? இதைக் கேட்கிற கதைகள் குறைவு. துரை நல்லவரா கெட்டவரா என்பதைச் சுற்றியே முக்கால்வாசிக் கதைகள் ஓடுகின்றன. அப்படித் துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஆட்சி எப்படி நடந்தது என்பது கண்ணில் படாமலே போய்விடும் என்று நான் நினைக்கிறேன்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 30 கோடிப் பேர். அவர்களை ஆண்ட ஐ.சி.எஸ். அதிகாரிகள் சுமார் ஆயிரம் பேர்தான். பட்டாளம் இருந்தது, உண்மை. ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் பட்டாளம் நிற்கவில்லை. கிராமத்தில் இருந்தவர்கள் கர்ணமும் மணியக்காரரும். அவர்களுக்கு மேலே தாசில்தார், அவருக்கு மேலே கலெக்டர் கச்சேரியில் தலைமை எழுத்தரான சிரஸ்தார். தோட்டத்தில் கங்காணி, மேஸ்திரி, ரைட்டர். துறைமுகத்தில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி. பெரும்பாலான ஜனங்கள் பிறந்து வளர்ந்து சாகும்வரை ஒரு வெள்ளைக்காரரை அருகில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆட்சி அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தது, வரி கேட்டது, ஜப்தி செய்தது. வந்த முகம் தெரிந்த முகம்.

ஃபார்ஸ்டரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய நாவலில் கலெக்டரின் மனைவி ஆத்திரத்தில் ஒரு வார்த்தை விடுவாள்: ஆங்கிலப் பெண் யாராவது கண்ணில் பட்டால் இவர்கள் இங்கிருந்து குகை வரைக்கும் கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து போக வேண்டும் என்பாள். 1919 ஏப்ரலில் அமிர்தசரஸில் ஜெனரல் டயர் ஒரு சந்தில் அதைத்தான் நடத்திக் காட்டினார். ஆங்கில மிஷனரிப் பெண் ஒருவர் தாக்கப்பட்ட அந்தச் சந்தை இந்தியர்கள் தவழ்ந்துதான் கடக்க வேண்டும் என்று உத்தரவு. ஐந்து வருடத்தில் அந்த அவமானத்தை ஒரு ஆங்கில எழுத்தாளர் தன் மக்களின் வாயிலேயே போட்டுக் காட்டினார் என்றால் அதற்குத் துணிச்சல் வேண்டும். இருந்தாலும் அந்த நாவலின் கவலை நட்பைப் பற்றியது. ஆள்பவனும் ஆளப்படுபவனும் நண்பர்களாக முடியுமா என்பது அதன் கேள்வி. பங்கா இழுப்பவரிடம் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்க் கேட்கவே முடியாது. அவருக்கு நட்பு இரண்டாம்பட்சம்.

இன்னொரு கதையைச் சொல்ல வேண்டும். நம் ஊர் சம்பந்தப்பட்டது. ஆனால் இங்கே அதிகம் பேசப்படாதது. ரட்யார்ட் கிப்ளிங் 1890களின் நடுவில் 'வில்லியம் த காங்கரர்' என்று ஒரு நீண்ட சிறுகதை எழுதினார். மதராஸ் மாகாணத்தில் பஞ்சம். பஞ்சாபில் பாசன இலாகாவில் வேலை பார்க்கும் ஸ்காட் என்ற இளைஞரை நிவாரணப் பணிக்குத் தெற்கே அனுப்புகிறார்கள். வில்லியம் என்பது அவர் காதலிக்கும் பெண்ணின் செல்லப் பெயர். வடக்கிலிருந்து வந்திறங்கிய தானியத்தை அரிசி தின்று பழகிய ஜனங்கள் தொட மறுக்கிறார்கள். மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே செத்து விழுகிறார்கள். ஸ்காட்டுக்கு ஒரு யோசனை வருகிறது. அந்தத் தானியத்தை ஆடுகளுக்குப் போட்டு, பாலைக் கறந்து, தாயில்லாத குழந்தைகளுக்குப் புகட்டுகிறார். ஒரு சாயங்காலம் ஆட்டு மந்தைக்கு முன்னால் அவர் நடந்து வருகிறார். புழுதியெல்லாம் பொன்னாக மின்னுகிறது, காலைச் சுற்றி அம்மணக் குழந்தைகள் ஓடி வருகின்றன. அந்தப் பெண்ணுக்கு அவர் தேவனைப் போலத் தெரிகிறார்.

எழுத்து என்ற அளவில் அபாரமான காட்சி. படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. அப்புறம்தான் கேள்விகள் வந்தன. இந்தக் கதையில் பஞ்சம் மழை பொய்த்ததால் வருகிறது, அவ்வளவுதான். அதற்கு வேறு காரணமே இல்லை. தெற்கத்தி ஜனங்கள் ஒருவருக்கும் பெயர் இல்லை, பேச்சும் இல்லை. எலும்பும் தோலுமாக வரிசையில் நிற்பதும், பிடிவாதமாகச் சாவதும், காப்பாற்றப்படுவதும்தான் அவர்கள் வேலை. பேசுகிற இந்தியர் என்றால் ஸ்காட்டுடன் வடக்கிலிருந்து வந்த வேலைக்காரர். ஐம்பது லட்சம் சாவு ஒரு காதல் கதைக்குப் பின்திரையாகிவிடுகிறது.

அந்தப் பஞ்சத்தை நம் ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். 1876 முதல் 1878 வரை. தக்காணத்தையும் சேர்த்து 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு, இதைவிட அதிகம் சொல்பவர்களும் உண்டு. பஞ்சம் உச்சத்தில் இருந்த 1877 ஜனவரி 1-ஆம் தேதி வைஸ்ராய் லிட்டன் டில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவித்தார். அதே மாதம் லிட்டன் அரசு அனுப்பி மதராஸுக்கு வந்த அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா காசு போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோ கூட வராது. அதை வைத்துக்கொண்டு வெயிலில் கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும். இது உயிர் தாங்கப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் திரும்பத் திரும்ப எழுதினார். அந்தக் காலத்திலும் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ரயில் வந்த ஊர்களில் தானியம் சீக்கிரம் வந்தது என்பதைப் போலவே, விலை ஏறிய ஊருக்குச் சீக்கிரம் போய்விட்டது என்பதும் நிஜம். சந்தையில் தலையிடக் கூடாது என்பது லிட்டன் அரசின் கொள்கை. இத்தனையையும் 'மழை பெய்யவில்லை' என்ற ஒரே வரியில் அடக்கினால்தான் ஸ்காட்டைத் தேவனாக்க முடியும்.

இதே பஞ்சத்தை ஜெயமோகன் 'வெள்ளை யானை' நாவலில் எடுத்துக்கொண்டார். 2013-ல் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். அங்கே பஞ்சாபிலிருந்து வரும் ஆங்கில இளைஞர் என்றால், இங்கே அயர்லாந்திலிருந்து வந்த ஏய்டன் என்ற அதிகாரி. அயர்லாந்தும் 1840களில் பஞ்சத்தில் செத்த நாடுதான், அதுவும் ஆங்கிலேயர் ஆட்சியில். அதனால் பசியை அவருக்கு அடையாளம் தெரிகிறது. மதராஸ் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ். இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம். அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் வெட்டி எடுத்த பனிக்கட்டி மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்து இங்கே இறங்கும். எதற்கு? துரைமார்களும் பெரிய மனிதர்களும் மதுவைக் குளிர வைத்துக் குடிப்பதற்கு. அந்தக் கட்டிகளை வெறும் உடம்போடு சுமந்து, அறுத்து, விறைத்துப்போன கைகால்களோடு உழைத்தவர்கள் தலித்துகள். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து பனிக்கட்டியைக் கரையாமல் கொண்டுவந்து சேர்க்க வழி தெரிந்த ஒரு நிர்வாகத்துக்குச் செங்கல்பட்டுச் சாலையோரம் கிடப்பவர்களுக்கு ஒரு வேளைக் கஞ்சி சேர்க்க வழி தெரியவில்லை. நாவல் இதை ஒரு வாதமாகச் சொல்வதில்லை. பனிக்கட்டியைக் காட்டுகிறது, சாலையைக் காட்டுகிறது.

அந்த நாவல் சாட்டையடியோடு தொடங்குகிறது. சாட்டை வெள்ளைக்காரர் கையில் இல்லை. தொழிலாளிகளை மேய்க்கும் நம்மூர்க்காரர் கையில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை நாவலின் பலமே அங்கேதான். சாதி ஏற்கனவே கட்டி வைத்திருந்த ஏணியை ஆங்கிலேயர் கலைக்கவில்லை, அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள் என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிறது.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். நம்மவர்களின் சாவைப் பார்ப்பதற்கு ஏன் மறுபடியும் ஒரு வெள்ளைக்காரரின் மனசாட்சி தேவைப்படுகிறது? ஏய்டனின் ஷெல்லி வாசிப்புக்கும் அவருடைய தவிப்புக்கும் போன பக்கங்களில் பாதி, காத்தவராயனுக்குப் போயிருக்கலாம். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் இயற்பெயரை வைத்துக்கொண்டு வரும் அந்தப் பாத்திரம் பேசத் தொடங்கும்போதெல்லாம் நாவல் நிமிர்ந்து உட்காருகிறது. அவர் போனதும் நாம் திரும்பவும் ஏய்டனின் தலைக்குள் போய்விடுகிறோம்.

சரி, அந்தக் காலத்திலேயே தமிழில் எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சானது, பஞ்சம் முடிந்த கையோடு. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஆங்கிலேய அரசில் முன்சீப். அந்தப் பஞ்சத்தில் தன் கைப்பொருளைச் செலவழித்து ஜனங்களுக்குச் சோறு போட்டவர். கோபாலகிருஷ்ண பாரதியார் 'நீயே புருஷ மேரு' என்று அவரைப் பாடியிருக்கிறார். ஆனால் நாவலில் ஆட்சியைப் பற்றி நேராக ஒன்றும் இல்லை. நாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் விக்கிரமபுரி என்ற கற்பனை ஊரில் ராஜாவாகிறாள். கட்சிக்காரனுக்குப் புரியாத மொழியில் கோர்ட்டில் வாதாடுவது என்ன நியாயம் என்ற கேள்வியை அந்தக் கற்பனை ஊரின் வழியாகத்தான் முன்சீப் எழுப்புகிறார். மாயூரத்தில் தினமும் அவர் கண்ணெதிரே நடந்த சங்கதி அது. அதைச் சொல்ல இல்லாத ஒரு ராஜ்ஜியம் தேவைப்பட்டது.

இதைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. நேராகச் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் புரியும். வங்காளத்தில் நீலச் சாயத்துக்கான அவுரித் தோட்டத் துரைகளின் கொடுமையைப் பற்றி தீனபந்து மித்ரா 1860-ல் 'நீல் தர்ப்பண்' என்ற நாடகம் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியாருக்கு 1861-ல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அபராதத்தைக் காளிபிரசன்ன சிங்கா என்ற எழுத்தாளர் கட்டினார். அந்த நாடகத்தில் துரைகள் மட்டும் வருவதில்லை. அவுரிக் கம்பெனிக்குக் கணக்கெழுதி, நிலம் அளந்து, குடியானவனை இழுத்துவந்து நிறுத்தும் திவானும் அமீனும் கூடவே வருகிறார்கள். அத்தனை வருடங்களுக்கு முன்பே அந்த ஏணியைச் சரியாகப் பார்த்துவிட்டவர் அவர். நம் பாரதியாரின் 'ஆறில் ஒரு பங்கு' கதையும் 'கனவு' என்ற சுயசரிதைப் பாட்டும் 1911-ல் மதராஸ் அரசால் தடை செய்யப்பட்டன. 'ஆறில் ஒரு பங்கு' ஒரு காதல் கதை. ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்கு மக்களைத் தீண்டாதவர்கள் என்று ஒதுக்கி வைத்திருக்கும் நாட்டுக்கு விடுதலை எப்படி வரும் என்று கேட்கும் கதை. அதையும் விட்டுவைக்கவில்லை. 1939-ல் கல்கியின் 'தியாக பூமி' படமாக வந்து சக்கைப்போடு போட்டது. அதற்கும் தடை வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு தடை இல்லை. கதைகள் இன்னும் கூர்மையாகியிருக்க வேண்டும். சினிமாவில் அப்படி நடக்கவில்லை என்றுதான் சொல்வேன். 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வரி கொடுக்க மறுக்கும் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லாத தமிழ் வீடு அந்தத் தலைமுறையில் இருந்திருக்காது. எனக்கும் அது பிடிக்கும், இன்றைக்கும் சிலிர்க்கும். ஆனால் அந்தப் படம் ஆங்கிலேயரின் மொத்த அதிகாரத்தையும் ஜாக்சன் துரையின் முகத்துக்கும், நம் பக்கத்தின் மொத்தத் துரோகத்தையும் எட்டப்பரின் தலைக்கும் ஏற்றிவிட்டது. ஒரு ஜாக்சன், ஒரு எட்டப்பர். மற்ற எல்லோரும் நல்லவர்கள். கம்பெனிக்கு அரிசி விற்றவர்கள், வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள், பாளையத்துக்குப் பாளையம் கணக்குப் பார்த்துச் சேர்ந்துகொண்டவர்கள் எல்லோரும் காணாமல் போய்விட்டார்கள். தன்னை யாரும் குற்றம் சொல்லாத கதை ஜனங்களுக்குப் பிடிக்கத்தான் செய்யும்.

'லகான்', 'மதராசபட்டினம்' எல்லாம் அடுத்த கட்டம். இரண்டிலும் ஒரு கெட்ட துரை, ஒரு நல்ல வெள்ளைக்காரப் பெண். 'லகா'னில் கிரிக்கெட்டில் ஜெயித்தால் வரி தள்ளுபடி. மூன்றரை மணி நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கலாம், அருமையான படம். ஆனால் நிலவரி என்பது ஒரு கேப்டனின் திமிரால் வந்ததாகவும், அவர் தோற்றதும் போய்விட்டதாகவும் மனதில் பதிந்துவிடுகிறது. அந்த வரியைப் போட்டது நில அளவை, செட்டில்மெண்ட், பட்டா, ஜமாபந்தி என்று ஊர் ஊராகப் பரவிய ஒரு ஏற்பாடு. அதோடு கிரிக்கெட் ஆட முடியாது. கெட்டவரை மாற்றினாலும் ஏற்பாடு அப்படியே இருக்கும், நல்லவர் வந்து உட்கார்ந்தாலும் அதே கிஸ்தியைத்தான் வசூலிப்பார்.

பிரிட்டனில் 1980களின் தொடக்கத்தில் அந்தக் காலத்தைப் பற்றிய படங்களும் தொடர்களும் ஒரு அலையாக வந்தன. மங்கலான வெளிச்சம், வெள்ளைக் குடைகள், ரயில் புகை, ஏக்கம். 1984-ல் டேவிட் லீன் ஃபார்ஸ்டரின் நாவலைப் படமாக்கியபோது பேராசிரியர் காட்போலேயாக நடித்தவர் ஒரு ஆங்கில நடிகர், முகத்தில் மாநிற மேக்கப்போடு. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

எனக்கு மிக நெருக்கமான நாவல் வேறு. பி.ஹெச். டேனியல் என்ற மருத்துவர் 1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர், அங்கே தொழிற்சங்கம் வளர்த்தவர். அந்த ஜனங்கள் சொல்லக் கேட்டதை வைத்து ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்ற நாவலை எழுதி 1969-ல் வெளியிட்டார். பிற்பாடு இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் வேலை தேடி மலையேறும் கதை.

அந்த நாவலில் துரைக்கு முன்பே மேஸ்திரிதான் வருகிறார். மழையில்லாத ஊரில், வேலையில்லாத கருப்பனிடம் அன்பாகப் பேசுகிறார். முன்பணம் கொடுக்கிறார். மலையில் குளிர், நிழல், நல்ல கூலி, திரும்பி வரும்போது கையில் காசு என்கிறார். ஆள் கொண்டுபோனால் அவருக்குக் கமிஷன் உண்டு, அவர்கள் உழைக்கும் காலம் முழுக்க உண்டு. மலைக்குப் போனபின் அட்டைக்கடி, அடைமழை, லயம் என்ற கூலிக் குடியிருப்பில் ஒரே அறையில் இரண்டு குடும்பம், மலேரியா. இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள், கணக்கு முடிக்கும் நாள் ஒன்று இருக்கிறதே. அந்த நாளும் வருகிறது. கூலி இவ்வளவு என்று வாசிக்கிறார்கள். அதிலிருந்து முன்பணம் கழிகிறது, கம்பளிக்குக் கழிகிறது, கடையில் வாங்கிய அரிசிக்குக் கழிகிறது, காய்ச்சலில் படுத்த நாட்களுக்குக் கூலி இல்லை. கடைசியில் இவர்கள்தான் பாக்கி தர வேண்டும் என்று வருகிறது. ஊருக்குப் போக முடியாது. இன்னும் ஒரு வருடம். எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பேர் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன்.

இங்கே யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. அந்த மேஜையில் உட்கார்ந்து கணக்கு வாசிப்பவர் தமிழர். ஆனால் அந்தத் தோட்டத்தின் லாபம் போய்ச் சேரும் இடம் லண்டன். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வைப்பதுதான் அந்த நாவலின் சாதனை என்பேன். மேஸ்திரியை மட்டும் திட்டிவிட்டுத் துரையை விட்டுவிடவும் அது நம்மை அனுமதிப்பதில்லை. பெண்களிடம் துரைகள் நடந்துகொண்ட விதமும் அதில் இருக்கிறது. புதுமைப்பித்தன் 1935-லேயே 'துன்பக் கேணி'யில் மருதி என்ற பெண்ணை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பி இதைச் சொல்லிவிட்டார். தலைப்பே பாரதியார் பிஜித் தீவுக் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிப் பாடிய பாட்டிலிருந்து வந்ததுதான். சொந்த ஊரில் பண்ணையாரிடம் பட்ட பாட்டிலிருந்து தப்பித்துப் போகும் இடம் அதைவிட மோசமாக இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நரகம் அல்ல என்று அந்தக் கதை காட்டுகிறது.

'எரியும் பனிக்காடு' நாவலை ஆதாரமாக வைத்து 2013-ல் பாலா 'பரதேசி' எடுத்தார். கணவன் பாறை மேல் உட்கார்ந்து அழும்போது அவனுடைய பெண்ணும் குழந்தையும் அதே தோட்டத்துக்கு வந்து சேரும் முடிவு மறக்க முடியாதது. ஆனால் நாவலில் தோட்டத்து ஜனங்களின் உயிரைக் காப்பாற்றப் போராடும் மருத்துவர், படத்தில் மதம் பரப்ப ஆடிப்பாடும் கேலிப் பாத்திரமாகிவிட்டார். தன் வாழ்க்கையை அந்த மலைக்குக் கொடுத்த ஒரு டாக்டர் எழுதிய கதையில் அந்த மாற்றத்தைச் செய்தது எனக்கு இன்றுவரை வருத்தம்.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' வேறு வகை. ஆயிரம் பக்கத்துக்கு நீளும் அந்த நாவலில் நான் அடிக்கடி திரும்பிப் படிக்கும் இடம் மதுரைக் கோட்டையை இடிக்கும் பகுதி. கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க நினைக்கிறார். சும்மா உத்தரவு போட்டால் நடக்காது. இடித்துச் சமப்படுத்துகிறவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவிக்கிறார். ஜனங்கள் கடப்பாரையோடு வருகிறார்கள். இது வரலாற்றில் நடந்தது. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்தான் மதுரையில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றும் நிற்கிறது. நாவலில் இடிப்பதற்கு முன் கோட்டையைக் காவல் காத்த தெய்வங்கள் சாமியாடிகள் மேல் இறங்கி, சுவரை விட்டு வெளியேறுகின்றன. ஊர் நின்று பார்க்கிறது. அதிகாரம் கைமாறுவதை இதைவிடச் சரியாக யாராவது எழுதியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. பழைய காவல் போகிறது, புதிய போலீஸ் வருகிறது. காவல் காத்துப் பிழைத்த ஜனங்கள் குற்றவாளிகளாகிறார்கள். பிறகு குற்றப் பரம்பரைச் சட்டம், கைரேகைப் பதிவு, ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுத்தாக வேண்டும் என்ற கட்டளை. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். துப்பாக்கி பிடித்த போலீஸ்காரர்களில் எத்தனை பேர் தமிழ் பேசியிருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்காமல் அந்தச் சம்பவத்தை என்னால் படிக்க முடிவதில்லை.

இப்படிச் சொல்வதால் பழியை நம் மேல் போட்டு ஆங்கிலேயரை விடுவிக்கிறேன் என்று யாராவது நினைத்தால், இல்லை. ஏற்பாடு அவர்களுடையது, லாபம் அவர்களுடையது, பஞ்சத்தில் ஒரு பவுண்டு தானியம் என்று தீர்மானித்த பேனா அவர்களுடையது. அதே சமயம், 'வெள்ளைக்காரன் இருந்திருந்தா இப்படி நடக்குமா' என்று பெரியவர்கள் சொல்வதையும் நாம் கேட்டிருக்கிறோம். தேனிப் பக்கம் பென்னிகுக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள், வீட்டில் படம் மாட்டியிருக்கிறார்கள். 1895-ல் அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை திறந்து வைகைப் பாசனத்துக்குத் தண்ணீர் வந்தது. அந்த நன்றியை நான் மதிக்கிறேன். வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவரின் நன்றி அது. ஆனால் அந்த மலைக்காட்டில் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலியாட்களைப் பற்றி யாரும் படம் மாட்டவில்லை. பென்னிகுக்கையும் அந்தக் கூலிக்காரரையும் ஒரே கதையில், இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்து, யாராவது எழுத வேண்டும்.

எழுதப்படாமல் கிடக்கும் இன்னொன்றும் இருக்கிறது. 1854-ல் மதராஸ் மாகாணத்தில் வரி வசூலிக்கச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரைக்கும் போய், விசாரணைக் கமிஷன் போட்டார்கள். அடுத்த வருடம் அறிக்கை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முறையிட்டிருந்தார்கள். ஏராளமானவர்கள் தூரத்து ஊர்களிலிருந்து நேரிலேயே வந்தவர்கள். அந்த அறிக்கையின் ஆங்கில வாக்கியங்களுக்கு நடுவே நம் தமிழ் வார்த்தைகள் வரும்: கிட்டி, அண்ணாந்தாள். விரல்களை மரக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெருக்குவது கிட்டி. ஆளைக் குனிய வைத்துத் தலையைக் காலோடு சேர்த்துக் கட்டி, முதுகில் கல்லை ஏற்றி வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். செய்தவர்கள் தாசில்தாரின் சேவகர்களும் ஊர் அதிகாரிகளும். வசூலான பணம் போன இடம் கம்பெனிக் கஜானா. எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டு, ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, குற்றம் சுதேசி ஊழியர்களுடையது என்று கமிஷன் முடித்தது. அந்த ஆட்சியைப் பற்றிய மிகப் பெரிய கட்டுக்கதை எந்த நாவலாசிரியரும் எழுதியதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அது இந்த அறிக்கையின் முடிவுரை.

இதைக் கருவாக வைத்த தமிழ் நாவல் எதையும் நான் படித்ததில்லை. முறையிட்டவர்கள் பெயரோடும் ஊரோடும் பதிவாகியிருக்கிறார்கள், எவ்வளவு பாக்கிக்காக, யார் கையால், எந்தச் சாவடியில் என்ற விவரத்தோடு. அந்த அறிக்கை ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாவல் எழுத நினைக்கும் நண்பர்கள் எடுத்துப் படியுங்கள். முதலில் முறையீடுகளைப் படியுங்கள், கமிஷனின் முடிவுரையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.